மௌன நாளில் வந்த சம்பந்திக்கு

என் மகளைத் தங்கள் மகளாகவே வைத்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கு நானும் வீட்டுக்காரியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாளும், மகளும் மாப்பிள்ளையும், பிள்ளைகளின் அந்த ஒற்றை அறை வீட்டில் ஒருவரையொருவர் மிதிக்காமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வியாழக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கவே இதை எழுதுகிறேன். அன்று சாயங்காலத்திலிருந்து போன் செய்கிறேன், தாங்கள் எடுப்பதில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்த காலமெல்லாம் ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட வருந்தியதில்லை. இப்போதுதான் நிஜமாக வருந்துகிறேன்.

ஓய்வு பெற்றதும் வேலை போனதே தவிர வாய் போகவில்லை. குளியலறை காலியாக இருக்கிறது, குளிப்பவர்கள் உடனே செல்லவும் என்று வீட்டிலேயே அறிவிக்க ஆரம்பித்தேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எதையாவது படிங்க. மனசுக்குள்ளயே படிங்க” என்றாள். அஞ்சல்வழியில் சமய ஒப்பியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். புத்தகம் தபாலில் வரும், ஆசிரியர் போனில் வருவார். எனக்கென்று ஒதுக்கப்பட்ட மேசை துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிதான். அது ஓடும்போது எழுத்து ஆடும், நின்றதும் பேரின்பம். இத்தனை சமயங்களை ஒப்பிட்டுப் படித்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாரும் சுற்றிவளைத்து என்னிடம் கேட்பது ஒன்றுதான், கொஞ்ச நேரம் வாயை மூடு என்பது. இந்த வயதில் மாணவனாக இருப்பதைப் போல் ஒரு சுகம் வேறு இல்லை, சம்பந்தி.

ஆனால் இந்தப் படிப்பில் செய்முறையும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஆசிரியர் கட்சி. முதல் பயிற்சி மௌனம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பேசக் கூடாது, எழுதிக் காட்டுவதும் பேச்சுக் கணக்கில்தான் சேரும். முதல் தடவை பால் பொங்கியது, கத்திவிட்டேன். அடுத்த தடவை தப்பு எண்ணுக்குப் போன் செய்த யாருக்கோ வழி சொல்லிவிட்டேன். அதற்கடுத்த தடவை மத்தியானத் தூக்கத்தில் ஒரு ரயிலே வந்துவிட்டது, அறிவிக்காமல் என்ன செய்வது? “இதுதாங்க கடைசி வாய்ப்பு. இதுலயும் பேசிட்டீங்கன்னா அடுத்த வருஷம் மறுபடி சேர வேண்டியதுதான்” என்றார் ஆசிரியர். அந்தக் கடைசி வாய்ப்பன்றுதான் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் தாங்கள் இருவரும் பெட்டியோடு வந்து நின்றீர்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய வீட்டுக்காரியோ அந்நேரம் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுல குழாய் வேலை நடக்குது சம்பந்தி, தரையெல்லாம் பேத்துப் போட்டுட்டாங்க. கொஞ்ச நாள் இங்க தங்கிக்கலாமான்னு...” என்று தாங்கள் இழுத்தீர்கள். அதற்கென்ன, தாராளமாக என்று சொல்லத்தான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். ஆளை விடுங்கள் சாமி என்பதற்கும் இதே கும்பிடுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சம்பந்தி அம்மாள் தங்கள் காதருகே, “அவருக்கு இஷ்டம் இல்ல போலிருக்குங்க” என்றார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். “பாருங்க, இல்லைன்னுதான் தலைய ஆட்டுறாரு” என்றார்கள். சரி, செயலில் காட்டுவோம் என்று பெட்டியை உள்ளே கொண்டுபோகப் பிடித்தேன். நான் அதை வெளியே வைக்கப் போகிறேன் என்று தாங்களும் பிடித்தீர்கள். பெட்டி வாயைப் பிளந்து, தங்கள் வேட்டிகள் வாசலில் சிதறின. எனக்குப் பதிலாக அன்று வாய் திறந்தது அது ஒன்றுதான். பிள்ளைகள் வீட்டுக்கென்று தாங்கள் ஏறிய ஆட்டோவின் பின்னால் நான் தெருமுனைவரை ஓடிவந்தது தங்களைத் துரத்துவதற்கல்ல, திருப்பி அழைப்பதற்கு.

மௌனத்தில் தேறிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் மகள் போனில் அழுதாள். “அப்பா, மாமா எனக்கு முகமே குடுக்க மாட்டேங்கறாரு. உங்கப்பா வீட்டு வாசப்படி இனி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. நீங்க சாமியாராப் போறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?” என்று கேட்டாள். என் மேலுள்ள கோபத்தைப் பெண்ணிடம் காட்ட வேண்டாம், சம்பந்தி. பட்டயம் போனால் போகிறது, என் பெண்ணுடன் தாங்கள் பேசவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த வாரம் எங்கள் படிப்பில் சத்திய வாரம். வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ பொய் வந்தால் மதிப்பெண் போய்விடும். ஆகவே கீழே உள்ளதைத் தாங்கள் அப்படியே நம்பலாம். தங்கள் குறட்டை எனக்கு ஒருபோதும் தொந்தரவாக இருந்ததில்லை, கேட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. சதுரங்கத்தில் தாங்கள் காயைத் திருப்பி எடுப்பதை நான் பெருந்தன்மையான ஆட்டமாகவே கருதுகிறேன். சம்பந்தி அம்மாள் தம் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. தங்களுக்காக உள் அறையை ஒழித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். குழாய் வேலை முடியும்வரை அல்ல, மனம் சலிக்கும்வரை இருங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும். எந்தச் சமயத்தின் கடவுளானாலும் தங்கள் வீட்டுக் குழாயைத் தாமதமாகவே சரிசெய்து தரட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது ஆசிரியர் போனில் வந்தார். நான் வாரத்தைத் தப்பாகப் பிடித்துவிட்டேனாம். இது இன்சொல் வாரமாம். அதாவது, உண்மையோ இல்லையோ, கேட்பவர் மனம் குளிரும்படி பேச வேண்டிய வாரம். பயந்துபோய் இதை வாசித்துக் காட்டினேன். “பிரமாதம்ங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க, முழு மதிப்பெண்” என்றார். அறையை ஒழித்ததும், பெண் அழுதால் எனக்குத் தாங்காது என்பதும் எந்த வாரத்திலும் உண்மை. அதனால் அவசியம் வாருங்கள். சத்திய வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்குள் வந்துவிட்டால், அன்று முதல் ஒரு வாரத்திற்குக் குறட்டை, சதுரங்கம், முழங்கால் இந்த மூன்றைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்.