சொர்ணத்தாய் தேய்த்த பானை

பூவனலிங்கத்துக்குக் கோவில்பட்டியில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர் விற்கிற கடை. ரிப்பேரும் பார்ப்பார். விளாத்திகுளம், குளத்தூர் பக்கத்து மிளகாய்க்காரர்கள், பருத்திக்காரர்கள் எல்லாரும் அவரைத் தேடித்தான் வருவார்கள். கடைத்தெருவில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. யாரும் அவரை எட்ட நின்றுதான் வணங்குவார்கள்.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் மாயகிருஷ்ணன் என்கிற விளாத்திகுளத்து விவசாயி வாஷர் வாங்க வந்தார். வாங்கினார். போக வேண்டியதுதானே? போகவில்லை. கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார்.

“வெடிப்பு ஆறிட்டா அண்ணாச்சி?” என்றார்.

ஏதோ ஸ்பிரேயர் டாங்கில் வெடிப்பு என்று நினைத்துக்கொண்டு, எந்த மாடல், எப்போது வாங்கினது என்று பூவனலிங்கம் விசாரித்தார். மாயகிருஷ்ணன் மாடலைச் சொல்லவில்லை. உங்கள் குதிகாலைக் கேட்கிறேன் என்றார். தன் வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப வருத்தப்பட்டதாகவும், தன் மாமியார் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டதாகவும் சொன்னார். பிறகு செல்போனை எடுத்து நீட்டினார்.

அதில் பூவனலிங்கத்தின் மனைவி வள்ளித்தாய் சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ‘வள்ளி வழி’ என்று தலைப்பு. எங்கள் வீட்டில் அவியளுக்குக் குதிகால் கரிசல் காடு மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது, விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன், பாருங்கள் என்றாள். உடனே ஒரு கால் வந்தது. அது அவள் ‘அவிய’ என்று சொல்கிற புருஷன் பூவனலிங்கத்தின் கால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது எடுத்திருக்கிறாள். கட்டம் போட்ட லுங்கியின் ஓரம் தெரிந்தது. பின்னணியில் இசை இல்லாத குறையை அவருடைய குறட்டை தீர்த்து வைத்தது.

வீட்டில் பாத்திரம் விளக்க, கறை எடுக்க ஏதோ வீடியோ போடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் தாமே ஒரு கறையாக இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவியளுக்குப் பொடுகு. அவியளுக்கு வாயு. அவியளுடைய சாக்ஸ் நாற்றத்துக்கு ஆப்பசோடா. அவியள் சட்டைக் காலரில் வியர்வை அழுக்கு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அவரைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்திருந்தாள். அவருடைய கடையில்கூட ஒரு மெஷினை இப்படிக் கழற்றியது கிடையாது.

கீழே ஊரே கருத்துச் சொல்லியிருந்தது. பாதிப் பேருக்கு ‘ழ’ வராததால் ‘வள்ளி வலி சூப்பர்’ என்று எழுதியிருந்தார்கள். அதில் மட்டும் அவருக்கு முழுச் சம்மதம்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“என் காலை எதுக்குட்டி ஊருக்குக் காட்டுன?”

“உங்க பேரைச் சொன்னேனா? அவியன்னுதான சொன்னேன்.”

“உனக்கு எத்தனை அவிய இருக்காவ?”

வள்ளித்தாய் அவரை நிதானமாகப் பார்த்தாள். “மரியாதைக்கு அவியன்னேன். வேண்டாம்னா சொல்லுங்க. அவன்னு சொல்லுதேன்.”

அவர் பேச்சை மாற்றி, இதெல்லாம் ஏமாற்று வேலை, கண்டதையும் குழைத்துத் தடவினால் எதுவும் சரியாகாது என்று கத்தினார். அவள் அவருடைய காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். குதிகால் வழவழவென்று இருந்தது. சொந்தக் கால், அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவசரமாகச் செருப்போடு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் ஒரு முடிவு எடுத்தார். வள்ளி வழியை அடைத்தே தீருவது.

நேரே மோதினால் நடக்காது. அதனால் கல்லாவில் உட்கார்ந்தபடியே புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினார். பெயர் சொர்ணத்தாய். ஊர் குளத்தூர். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. பானையின் அடியில் பிடித்த கரியை ஆப்பசோடா எடுத்துவிடும் என்று வள்ளித்தாய் போட்டிருந்த வீடியோவுக்குக் கீழே போய், நீங்கள் சொன்னபடி செய்தேன், கரி போகவில்லை, என் வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம், ஏழைச் சனங்களை ஏமாற்றாதீர்கள் அக்கா என்று எழுதினார். எழுதி முடித்தபோது சொர்ணத்தாயை நினைத்து அவருக்கே பாவமாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வள்ளித்தாய் வாடிப்போயிருப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாடவில்லை. யாரோ குளத்தூர்க்காரியாம், பாவம், புருஷன் சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லி அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

மறுநாள் அவளுடைய பதில் வந்திருந்தது. சோடாவைப் போட்ட கையோடு தேய்க்கக் கூடாது சொர்ணம். வெந்நீர் விட்டு நல்லா ஊற விடணும். அப்புறம் பாதி தேய், பாதியை அப்படியே விடு. போட்டோ எடுத்துப் போடு. கரி போகலைன்னா என் வீடியோ எல்லாத்தையும் அழிச்சுடுதேன். இது எல்லாருக்கும் பொதுவுல சொல்லுத வாக்கு.

பூவனலிங்கம் கல்லாவைத் தட்டினார். சிக்கிவிட்டாள். கரி போகாத ஒரே ஒரு பானை போதும். பொடுகு, வாயு, குறட்டை எல்லாம் ஒரே நாளில் ஒழிந்துவிடும்.

மத்தியானம் வீடு காலியாகத்தான் இருக்கும். பின்தெரு உமாராணி வீட்டு அடுப்படியில் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று வள்ளித்தாய் அங்கே போய்த்தான் வீடியோ எடுப்பாள். அந்த நேரம் பார்த்து வந்தார். சோறு வடித்து வடித்து அடியில் கரி ஏறிய எவர்சில்வர் பானை ஒன்று இருந்தது. சோடாவைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். ஊறியதும், போகாதே, போகாதே என்று கரியைக் கெஞ்சியபடி பாதியை மட்டும் மெல்லத் தேய்த்தார்.

போய்விட்டது.

சும்மா போகவில்லை. முகம் தெரிகிற அளவுக்குப் போயிற்று. அந்தப் பளபளப்பில் தெரிந்த முகம் கோபத்தில் கோணியிருந்தது. கரிகூட அவள் பக்கம்தான்.

பாதி கருப்பு, பாதி வெள்ளி. பானை அடுப்படியில் இப்படி இருந்தால் வந்ததும் கேட்பாளே. முன்னே போலக் கருப்பாக்கவும் வழியில்லை. வேறு போக்கில்லாமல் மறுபாதியையும் அவரே தேய்த்தார். அதற்கு முன்னால் பானையைக் கவிழ்த்து ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார். சுவர்க் காலண்டர் தெரியாமல், லுங்கி தெரியாமல், வெகு ஜாக்கிரதையாக. பட்ட பாடு வீணாக வேண்டாமே என்று அதைப் போட்டார். உங்கள் குறிப்பு ஒன்று மட்டும் பரவாயில்லை, மற்றதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்று கீழே எழுதினார்.

அடுத்தது குளியலறைக் குழாய். கோவில்பட்டி போர்வெல் தண்ணீரில் படிகிற உப்புக் கறையை யாராலும் அசைக்க முடியாது. கடப்பாரை கொண்டு போனால் குழாய்தான் கையோடு வரும். வினிகரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி வைத்தால் போதும் என்று வள்ளித்தாய் சொல்லியிருந்தாள். இதில் நீங்கள் தோற்றே ஆகவேண்டும் என்று சொர்ணத்தாய் சவால் விட்டாள். மத்தியானம் பூவனலிங்கம் துணியைச் சுற்றினார். அவிழ்த்தபோது உப்பு உதிர்ந்தது. குழாய் மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

அன்று சாயங்காலம் வள்ளித்தாய் குளித்துவிட்டு வந்தாள். அவர் காத்திருந்தார். அவள் தலையைத் துவட்டினாள்.

“இந்த வருஷம் நம்ம போர்த் தண்ணி நல்லாயிட்டு போல. குழாயில உப்பே பிடிக்கலை” என்றாள்.

அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. முதுகு வளைந்து ஒருத்தன் துடைத்திருக்கிறான். புகழெல்லாம் தண்ணீருக்கா? பானையைப் பார்த்தபோதும் இப்படித்தான், கேஸ் மாற்றியதிலிருந்து கரி பிடிக்கவில்லை என்று சொன்னாள். கண் இருக்கிறதா இவளுக்கு என்று பொருமினார். வாய்விட்டுச் சொல்ல முடியாமல், மோரில் உப்புப் பற்றவில்லை என்று சண்டை போட்டார்.

அதற்குப் பிறகு அது சண்டையா வேலையா என்றே அவருக்குத் தெரியவில்லை. பழைய தலையணை உறையைக் காற்றாடி இறக்கையில் மாட்டி உருவினால் தூசி கீழே விழாது என்றாள். விழவே விழும் என்று சொர்ணத்தாய் எழுதினாள். பூவனலிங்கம் ஸ்டூல் போட்டு ஏறி எல்லாக் காற்றாடிகளையும் உருவினார். தூசி விழவில்லை. ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாள் என்றாள். வீட்டு ஜன்னல் முழுக்கத் துடைத்துவிட்டு, அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாமல், கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, காக்கா வந்து முட்டிக்கொள்ளும் என்று எழுதினார். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணத்தாய் அக்காவின் கை வேலையைப் பாருங்கள் என்று பாராட்டினார்கள். பொங்கல் நெருங்க நெருங்க வள்ளித்தாயைவிடச் சொர்ணத்தாய்க்குத்தான் இதயக் குறிகள் கூடுதலாக விழுந்தன. அதில் அவருக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. வந்ததற்காக உடனே தம்மேலேயே கோபப்பட்டார்.

பக்கத்துக் கடைக் கோபாலசாமி ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கயிற்றுக் கடைக்காரர். சாதாரணமாகப் புலம்பமாட்டார். அன்று புலம்பினார். தன் வீட்டில் அந்தக் குளத்தூர்க்காரி போட்டோவைக் காட்டிக் காட்டி, அவளும் ஒரு பொம்பளை, புருஷனிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு எப்படி உழைக்கிறாள் பாருங்கள், நீங்கள் ஒரு டம்ளரைக் கழுவியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்களாம்.

“யாருன்னு தெரியலை அண்ணாச்சி. ஆனா அவ புருஷன் கொடுத்து வச்சவன்” என்றார் கோபாலசாமி.

அவளே ஒரு புருஷன்தான்யா என்று வாய் வரை வந்தது. பூவனலிங்கம் ஒரு டீயை வரவழைத்து அதோடு சேர்த்து விழுங்கிவிட்டார். உள்ளங்கையைப் பார்த்தார். ஸ்பிரேயர் பிடித்த கையில் இல்லாத காய்ப்பு, நார் பிடித்த கையில் வந்திருந்தது.

அந்த வாரம்தான் வள்ளித்தாய் ஒரு குண்டைப் போட்டாள். வியாழக்கிழமை வசூலுக்குக் குளத்தூர் போகிறீர்களே, என்னையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள், சொர்ணத்தாயைப் பார்த்து ஒரு சேலை கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றாள். சேலையும் எடுத்தாகிவிட்டது. மாம்பழ நிறம், பச்சைக் கரை. நிறம் எப்படி என்று அவரிடமே கேட்டாள். ரோடு சரியில்லை என்றார். போன வாரம்தான் நல்லா இருக்குன்னீங்க என்றாள். வண்டி சரியில்லை என்றார். பஸ்ஸில் போவோம் என்றாள். கடைசியில் குளத்தூரே சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார்.

சொர்ணத்தாயை ஊரைவிட்டே அனுப்புவது என்று முடிவாயிற்று. சாகடிக்க மனசு வரவில்லை. பொங்கல் நேரம் வேறு. அக்கா, என் மகன் ஓசூருக்குக் கூப்பிடுகிறான், இன்றைக்கே கிளம்புகிறேன், இனிமேல் வரமாட்டேன், போனும் இருக்காது, நீங்கள் நல்லா இருங்கள் என்று எழுதினார். கடைசி வரியை எழுதும்போது கண் லேசாகக் கலங்கிவிட்டது. அவ்வளவு வேலை செய்திருக்கிறாளே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வீடு பளிச்சென்று இருந்தது. வெள்ளையடிக்கிற ஆள் வந்து பார்த்துவிட்டு, துடைக்க ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டுப் போனானாம். வள்ளித்தாய் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“சொர்ணத்தாய் ஓசூர் போறாளாம்” என்றாள்.

“அப்படியா” என்றார். திடீரென்று ஏன் என்றாவது கேட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டது.

“போகட்டும். போறதுக்கு முன்ன அந்தப் பித்தளை அண்டாவையும் தேய்ச்சு வச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

“நான் எப்படிச் சொல்ல? அவ யாரு, நான் யாரு? என்ன பேச்சு பேசுத நீ?”

அவள் பதிலுக்குப் போட்டோவைக் காட்டினாள். சொர்ணத்தாய் முதன்முதலில் போட்ட அதே படம். பாதி கருப்பு, பாதி வெள்ளி, கவிழ்த்து வைத்த பானை. காலண்டர் இல்லை. லுங்கி இல்லை. அவர் நிமிர்ந்து நின்றார்.

அவள் போனைத் தலைகீழாகத் திருப்பினாள். பானை நேரானது. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளும் நேராயின. கல்யாணச் சீராக வந்த பானை அது. மேல்வரியில் ‘வள்ளித்தாய்’ என்று அவள் பெயர். கீழ்வரியில் அவள் பிறந்த ஊர்: ‘எப்போதும்வென்றான்’.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். முதல் நாளிலிருந்தே தெரியும் என்றால், அந்தத் தண்ணீர், அந்தக் கேஸ், அந்தச் சேலை? கேட்பதற்கு நிறைய இருந்தது. உள்ளே கோபமும் இருந்தது. எதை முதலில் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வள்ளித்தாய் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

“அண்டா பரண் மேல இருக்கு. புளி ஊறப்போட்டாச்சு.”