சத்தம் சரியில்லை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சுவரோரச் சோபாவின் இடப்பக்கத்தில் பார்வை சாரின் மனைவி, வலப்பக்கத்தில் மகள். தரையில், மூடி கழற்றிய கம்ப்யூட்டருக்கு எதிரே சம்மணம் போட்டு மச்சினன். சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் அட்டையும் தாளுமாகப் பார்வை சார். கதவருகே, உட்காராமல் நின்றவர் மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்கும் அக்கா. அவர் கையில் நான்காக மடித்த ஒரு சீட்டு.

“கீழ ஐயா குடுத்தாரு” என்று நீட்டினார்.

கீழ் வீட்டு ஐயாதான் வீட்டுக்காரர். தந்தி ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர். சொல்லுக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணியே பழகியதில், ஓய்வு பெற்ற பிறகும் கை தாராளமாகவில்லை. படியேறி வந்து பேசும் வழக்கமும் கிடையாது. எதுவானாலும் சீட்டுதான். ‘நாளை தண்ணீரில்லை.’ ‘மோட்டார் நிறுத்தவும்.’ மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது வந்த சீட்டில் ‘மகிழ்ச்சி’ என்று ஒரே சொல். மனைவி அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பார்வை சார் வேறு மாதிரி. அவருக்கு அந்தப் பெயர் அலுவலகத்தில் வந்தது. தபால் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். பால்காரருக்கு எழுதும் துண்டுத் தாளில்கூட மேலே ‘பொருள்’, அதன் கீழே ‘பார்வை’ என்று போட்டு, எந்தத் தேதியில் வாசலில் நடந்த எந்தப் பேச்சைத் தொடர்ந்து இதை எழுதுகிறார் என்று குறிப்பிடாமல் விட மாட்டார்.

சீட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு உரக்கப் படித்தார்.

“சத்தம் சரியில்லை. கவனிக்கவும்.”

மச்சினன் கையிலிருந்த திருப்புளியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டு ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னும் பத்து நாள். புதுப்பிக்கும் தாளைப் பார்வை சார் எழுதிக் கீழே அனுப்பி இரண்டு வாரமாகிறது. கையெழுத்து வரவில்லை. மனைவி வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. மகளின் கல்லூரிப் பஸ் தெருமுனையில் நிற்கும். இதே வாடகைக்கு இன்னொரு வீடு என்றால் ஊரைத் தாண்டிப் போய்த்தான் தேட வேண்டும்.

“போன புதன்கிழமைதான் இதை மாட்டினோம். மூணே நாள்ல சீட்டு வந்துடுச்சு” என்றாள் மனைவி.

‘இது’ என்றது மச்சினன் செய்த ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரை. வீட்டு டி.வி. பழையது. புது டி.வி. விலையைக் கேட்டுவிட்டுப் பார்வை சார் கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மச்சினன், “டி.வி.யை ஏன் மாமா மாத்தணும்? பின்னாடி ஒரு கம்ப்யூட்டரைச் சொருகினா அதே டி.வி. எல்லாம் காட்டும். பழைய சாமான்லயே பண்ணித் தரேன்” என்றான். போட்டோ ஸ்டுடியோ ஒன்று வேண்டாமென்று ஒதுக்கிய கேபினெட், மூடிப்போன பிரவுசிங் சென்டரின் மதர்போர்டு, வெவ்வேறு கம்பெனியில் பிறந்து முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி அக்கம்பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு ராம் மெமரி அட்டை, யாரோ கொடுத்த ஐந்து ஸ்பீக்கர், அவற்றோடு தரையில் வைக்கும் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. புதிதாக வாங்கியது உள்ளே சூடு தணிக்கும் ஃபேன் மட்டும். அதுவும் நடைபாதைக் கடையில்.

படம் வந்தது. மூன்று நாளாக மாலை எட்டு மணிக்கு நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, இரண்டு அக்கா தங்கைகளின் உயில் சண்டைத் தொடர் ஒன்றைப் பார்த்தார்கள். அதற்கு முன் அந்த வீட்டில் எட்டு மணிக்கு நான்கு அறையில் நான்கு போன் பேசிக்கொண்டிருக்கும். பார்வை சார் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கே வந்தார்.

“ஐயா கோபமா இருக்காரா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“முகமே சரியில்ல சார்” என்றார் அக்கா. “தோசை சுட்டா பாதியில எழுந்துடறாரு.”

“ஃபேன் சத்தம்தான் மாமா” என்றான் மச்சினன். “அது ‘கொர்’ருனு கத்துது. கீழ கேக்கும்.”

“அப்போ கழட்டு.”

“கழட்டினா சூடாகும்.”

“சூடு கீழ கேக்காதுல்ல? கழட்டு.”

ஃபேன் கழற்றப்பட்டது. பார்வை சார் பதில் எழுதினார். ‘பொருள்: சத்தம் குறைத்தல் – நடவடிக்கை எடுக்கப்பட்டது – தொடர்பாக.’ ஒரு பக்கம்.

ஞாயிறு மாலை தொடர் நல்ல கட்டத்துக்கு வந்தது. வக்கீல், படுக்கையில் கிடக்கும் பெரியவரின் உயிலைச் சம்மதக் கையெழுத்துக்கு நீட்டுகிறார். தங்கை பேனாவைக் கையில் எடுக்கிறாள். அக்கா அழுகிறாள். மனைவியும் அழ ஆயத்தமானாள். பேனா தாளைத் தொடப்போன நேரத்தில் திரை இருண்டது. கம்ப்யூட்டர் மட்டும் ‘பீ... பீ... பீ...’ என்று ஆம்புலன்ஸ் மாதிரி கூவியது. மச்சினன் கேபினெட்டைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

“சொன்னேன்ல, சூடாகும்னு.”

திங்கள் காலை அக்கா சீட்டோடு வந்தார்.

“எட்டு முப்பத்தைந்து. பீப். இது முறையா?”

“நேரம் குறிச்சு வச்சிருக்காரு பாருங்க!” என்று மனைவி நெஞ்சில் கை வைத்தாள். “நாளைக்கு இதெல்லாம் சாட்சியா நிக்கும்.”

“காத்து வேணும். அவ்வளவுதான்” என்றான் மச்சினன். “மூடியைக் கழட்டிட்டு எதிர்ல டேபிள் ஃபேனைப் போட்டுடலாம்.”

“டேபிள் ஃபேன் சத்தம்?”

“அது வீட்டுச் சத்தம் மாமா. எல்லார் வீட்லயும் இருக்கறது. அதுக்கு யாரும் சீட்டு அனுப்ப மாட்டாங்க.”

பார்வை சார் அதோடு நிற்கவில்லை. முறையாக யோசித்தார். சத்தம் கீழே போவது தரை வழியாக. தரையை அடைத்தால் சத்தம் அடைபடும். எனவே மகளின் கட்டிலிலிருந்து மெத்தை கூடத்துக்கு வந்தது. பெரிய ஸ்பீக்கர் பெட்டி மெத்தைமேல் ஏறி, வீட்டுக்கு வந்த பணக்கார விருந்தாளி மாதிரி உட்கார்ந்தது. மற்ற ஐந்து ஸ்பீக்கருக்கும் ஆளுக்கொரு தலையணை.

“நான் எதுல படுக்கறது?” என்றாள் மகள்.

“எட்டு நாள் பாய்ல படு. கையெழுத்து வந்துடட்டும்.”

“ஸ்பீக்கருக்கு மெத்தை. பொண்ணுக்குப் பாய். நல்ல குடும்பம்பா.”

அன்று மாலை டேபிள் ஃபேன் காற்றில் திரைச்சீலை டி.வி.யை மூடி மூடித் திறந்தது. மெத்தைக்குள்ளிருந்து வந்த வசனம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. தங்கையின் பேனாவில் மை இல்லை என்பதும், உயில் தள்ளிப் போனது என்பதும் மட்டும் புரிந்தது.

செவ்வாய்க்கிழமைச் சீட்டு வந்ததிலேயே நீளமானது.

“வர வர மோசம். ஒரு வார்த்தை கேட்கவில்லை.”

பார்வை சார் இதை இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது குரல் இறங்கியிருந்தது.

“பாத்தீங்களா?” என்று மனைவி சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். “அப்பவே சொன்னேன். சுவத்துல ஒரு ஆணி அடிக்கறதுன்னாலும் கேட்டுட்டு அடிக்கிற வீடு இது. இவ்வளவு பெரிய சாமானைக் கொண்டு வந்து வைக்கறோமே, அந்த மனுஷனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கலை.”

“அதான் கேக்கறாரு, ஏன் கேக்கலைன்னு!”

“எங்கக்கா சொல்றது சரி மாமா” என்றான் மச்சினன். “சத்தம் ஒரு சாக்கு. மரியாதைதான் மேட்டர்.”

பார்வை சாருக்கு மனம் உறுத்தியது. அனுமதி பெறாமல் ஒரு காரியம் செய்ததாக அவர் மீது இதுவரை எந்தப் புகாரும் வந்ததில்லை. அன்று அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு உட்கார்ந்தார். ‘பொருள்: மாடிக் கூடத்தில் கம்ப்யூட்டர் நிறுவ அனுமதி கோருதல் – முன்கூட்டிக் கேட்காமைக்கு வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக. பார்வை: தங்கள் சீட்டுகள் மூன்று.’ இரண்டே கால் பக்கம். இணைப்பாக உதிரிபாகப் பட்டியல், அது அது யாரிடமிருந்து வந்தது என்ற விவரத்தோடு. சம்பந்தி ராம் இரண்டுக்கும் தனித்தனி வரிசை எண்.

புதன் காலை பதில் வந்தது.

“அனுமதி இருக்கட்டும். முதலில் சத்தம். பிறகு கையெழுத்து.”

“வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிட்டாரு” என்றார் பார்வை சார். “இனிமே இந்த வீட்லேருந்து ஒரு பொட்டுச் சத்தம் கீழ போகக் கூடாது.”

மச்சினன் கடையை மூடிவிட்டுப் போய் நான்கு ப்ளூடூத் ஹெட்போன் கொண்டுவந்தான். நான்கும் நான்கு ஜாதி. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து நான்கு தலைக்கும் ஒலி போக ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. அந்தப் பெட்டி ஒவ்வொரு ஹெட்போனுக்கும் தன் சௌகரியப்படி ஒலி அனுப்பியது. மனைவிக்கு முதலில். மகளுக்கு அடுத்து. மச்சினனுக்கு அதற்கடுத்து. பார்வை சாருக்குக் கடைசியாக.

அன்று தொடரின் கடைசிப் பகுதி. திரையில் பெரியவர் ஒரு தடவைதான் செத்தார். கூடத்தில் நான்கு தடவை செத்தார். மனைவி கண்ணைத் துடைத்து முடித்துவிட்டு அடுத்த காட்சிக்குச் சிரித்தபோது, பார்வை சார் அப்போதுதான் அதிர்ந்து “ஐயோ” என்றார். உயில் வந்தது, பேனா வந்தது, விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. அறையில் டேபிள் ஃபேன் சத்தம்கூட இல்லை. அதற்குப் பதிலாக மகள் பழைய காலண்டரால் விசிறிக்கொண்டிருந்தாள், கம்ப்யூட்டருக்கு.

“ஊசி விழுந்தா கேக்கும் மாமா” என்றான் மச்சினன் திருப்தியாக.

“ஊசி எதுவும் போடாதே” என்றார் பார்வை சார்.

வியாழக்கிழமைச் சீட்டை அக்கா நீட்டும்போதே தயங்கினார்.

“நேற்று உச்சம். பொறுமை போயிற்று. நாளை மாலை நேரில் வருகிறேன்.”

எட்டு வருஷத்தில் தந்திக்காரர் மாடிப்படி ஏறியதில்லை. மேல் தொட்டி நிரம்பி வழிந்து படியெல்லாம் அருவியாக ஓடிய அன்றுகூடக் கீழே நின்று சீட்டுதான் எழுதினார்.

“சத்தமே போடாததுக்கு உச்சமா?” என்றாள் மகள். “இது அநியாயம்பா. நீங்க போய் நேர்ல கேளுங்க.”

“கேக்காததுனாலதான் இவ்வளவும்” என்றாள் மனைவி. “இனி என்னத்தைக் கேக்கறது. அவருக்கு மெஷினே பிடிக்கலை. அது இந்த வீட்ல இருக்கறதே பிடிக்கலை. ஏங்க, வீடா அதுவான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

முடிவு பண்ண என்ன இருக்கிறது. பார்வை சார் சற்று நேரம் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மெத்தையை எடுத்து மகள் கட்டிலில் அவரே போட்டார்.

“மாப்ளே, பிரிச்சுடு.”

“எங்க மாமா வைக்கறது?”

“வீட்ல வைக்காதே. பட்டன் அளவு பாகம்கூட இருக்கக் கூடாது. நாளைக்கு வந்து பாப்பாரு.”

அன்று மாலைக்குள் மதர்போர்டு ஒரு டியூஷன் சென்டருக்கும், ஸ்பீக்கர்கள் ஒரு சலூனுக்கும், ஹார்ட் டிஸ்க் பஸ் ஏறி மச்சினனின் சிநேகிதன் ஊருக்கும் போய்விட்டன. இரண்டு ராம் கடைசியில் பிரிந்தே போயின. எட்டு மணிக்கு நான்கு அறையில் நான்கு போன் பேசத் தொடங்கின. பார்வை சார் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, வெறும் டி.வி.க்கு எதிரே கடிதம் எழுதினார்.

‘பொருள்: கம்ப்யூட்டர் முற்றிலும் அகற்றப்பட்டது – மீண்டும் நிறுவப்படாது என உறுதி கூறுதல் – ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சீட்டுகள் ஐந்து.

மதிப்பிற்குரிய ஐயா, பார்வையில் கண்ட சீட்டுகளின்படி, தங்கள் செவிக்கு இடையூறாக இருந்த சாதனம் இன்று மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குள் பாகம் பாகமாகப் பிரித்து அப்புறப்படுத்தப்பட்டது. இனி மாடியிலிருந்து எந்த ஒலியும் தங்களை வந்தடையாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனவே தாங்கள் நாளை சிரமப்பட்டு மேலே வர வேண்டிய அவசியம் இல்லை...’

மொத்தம் மூன்று பக்கம். வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் மறுபடி ஒருமுறை படித்து, ஓர் ஒற்றெழுத்தைத் திருத்தி, மூன்றாக மடித்து, உறையில் போட்டு, நாவால் நனைத்து ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தார். இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. தாமே படியிறங்கிப் போனார்.

கீழ் வீட்டுக் கதவில் தபால் போட ஒரு பித்தளைத் துளை உண்டு. கதவைத் தட்ட அவருக்குத் துணிவில்லை. உறையைத் துளைக்குள் தள்ளினார். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்துவதும் கேட்டது.

வாளியும் துடைப்பமுமாகப் பக்கவாட்டுச் சந்திலிருந்து அக்கா வந்தார். பார்வை சாரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மறைத்துக் கிசுகிசுத்தார்.

“ஏன் சார், அந்தத் தங்கச்சிப் பொண்ணு கடைசியில கையெழுத்துப் போட்டுச்சா இல்லையா? ஐயா கட்டில் மேல ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையில காதை வச்சு வச்சுப் பாத்தும் நாலு நாளா வசனம் சரியா கேக்கலையாம். இன்னிக்கு உங்க கூடவே உக்காந்து முதல்லேருந்து பாக்கணும்னு வீட்டம்மாவும் அவரும் புதுத்துணி போட்டுக்கிட்டு உள்ள ரெடியா உக்காந்திருக்காங்க.”