ஸ்கோர் கேட்ட சாமி

கிரிவலப் பாதையில் யம லிங்கத்தைத் தாண்டும்போது ஆதிமூலத்துக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு எத்தனை விக்கெட் போயிருக்கிறது?

யாரையும் கேட்க முடியாது. மலையை ஒரு சுற்றுச் சுற்றி வீட்டு வாசலை மிதிக்கும்வரை மௌன விரதம். மகள் மதிவதனிக்கு நாளைக்கு பிளஸ் டூ ரிசல்ட்.

"வழியில வாயத் தொறந்தீங்கன்னா வேண்டுதல் வீணாப்பூடும். பொண்ணு கணக்குல கோட்டை விட்டுடுவா" என்று சொல்லித்தான் மனைவி தனம் அனுப்பியிருந்தாள். காவி வேட்டியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"ஃபைனல் அன்னைக்கா போவணும்?" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"சாமிக்கு மேட்ச் எல்லாம் தெரியுமா?" என்றாள்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவான ஆதிமூலம் புதுப் படமோ, தொடரோ, செய்தியோ, கிரிக்கெட்டோ, அபிப்பிராயம் சொல்லாமல் எதையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் சித்திரை வெயிலில், தார் ரோடு காலைச் சுட, வாயை மூடிக்கொண்டு நடந்தார். பெற்ற பாசம் வேறென்ன செய்யும்?

டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றால் சோப்பு விளம்பரம். பொறுக்க முடியாமல் கடைக்காரரைப் பார்த்து, மட்டையைச் சுழற்றுவதுபோல் கையை வீசினார்.

கடைக்காரர் வெலவெலத்துப் போய் ரேடியோவை அணைத்தார். "கோவிச்சுக்காதீங்க சாமி. தெரியாம வெச்சுட்டேன்."

காவி வேட்டி, நாலு நாள் தாடி, நெற்றி கொள்ளாத விபூதி, வாயில் பேச்சில்லை. திருவண்ணாமலையில் ஒருவர் சாமியாராக இதுவே தாராளம்.

ஆதிமூலம் அவசரமாகத் தலையாட்டினார். நாலு விக்கெட்டா என்று நாலு விரலைக் காட்டினார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "நாலு மாசத்துல என் பையனுக்குக் கல்யாணம் ஆயிடும்னு சொல்றாருங்க. நான் மனசுலதான் நெனச்சேன். கேக்கக்கூட இல்ல."

அதற்குப் பிறகு கூட்டம் சேரக் கேட்பானேன்? ஐயோ வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். எல்லாருக்கும் சேர்த்து ஆசீர்வாதம் என்று பத்துப் பேர் காலில் விழுந்தார்கள். வேகமாக நடந்தார். அவர்களும் வேகமாக நடந்தார்கள்.

பந்து வீசிக் காட்டினாலாவது புரியுமா என்று கையைச் சுழற்றினார். உடனே ஒரு பெரியவர் முன்னால் வந்து குனிந்தார். "இங்க ஒரு அடி போடுங்க சாமி. இடுப்பு வலி ஜாஸ்தியா இருக்குது."

ஆதிமூலத்துக்கு வந்த ஆத்திரத்தில் நிஜமாகவே ஓர் அடி போட்டார்.

பெரியவர் மெதுவாக நிமிர்ந்தார். இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கம்மியாயிடுச்சுங்க" என்றார் கண் கலங்க.

அவ்வளவுதான். மாலை வந்தது. சூடம் வந்தது. இளநீர் வந்தது. ஸ்கோர் மட்டும் வரவில்லை.

ஈசான்ய லிங்கத்தருகே ஒருவர் காதில் டிரான்சிஸ்டரோடு நின்றிருந்தார். முகத்தில் அப்படியொரு பரபரப்பு. கடைசி ஓவராகத்தான் இருக்க வேண்டும். ஆதிமூலம் பாய்ந்து போய்க் கையை நீட்டினார். அந்த மனிதர் பதறிப்போய் டிரான்சிஸ்டரை அணைத்து, அவர் காலடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இனிமே மேட்சே கேக்கமாட்டேன் சாமி. சத்தியம்."

ஆதிமூலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சாமி தனக்காகக் கண்ணீர் விட்டார் என்று அவரும் அழுதார்.

தேரடி நெரிசலில் கூட்டத்திடமிருந்து நழுவி, சந்து சந்தாகப் புகுந்து, கழுத்து நிறைய மாலையோடு ஆதிமூலம் தன் வீட்டு வாசலை மிதித்தார். விரதம் முடிந்தது. ஒரு வார்த்தை உளறவில்லை. மகள் கணக்கில் தப்பிப்பாள் என்று நினைத்தபோது மனசு குளிர்ந்தது.

உள்ளே டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. கேப்டன் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். தனம் எல்லாருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை விக்கெட்டில் ஜெயித்தோம் என்று கேட்க ஆதிமூலம் வாயைத் திறந்தார்.

அதற்குள் பக்கத்து வீட்டு வேதா கேசரியை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இவ்ளோ நிம்மதியா மேட்ச் பாத்து எத்தினி வருசம் ஆச்சு தனம்க்கா. வெள்ளிக்கிழமை நம்ம தொடர் முடியுது. அன்னைக்கு அண்ணனுக்கு இன்னா வேண்டுதல் வெக்கப் போறீங்க?"