லீவு சேட்டன் லீவில் இருக்கிறார்

மட்டாஞ்சேரியிலேயே லீவு எடுக்கத் தெரிந்த ஒரே மனிதர் லீவு சேட்டன்தான். நாங்களெல்லாம் சில நாள் வேலைக்கு வராமல் இருந்திருக்கிறோம், அவ்வளவே.

தென்காசிப் பக்கத்துக்காரர்; ஆனாலும் இங்கே மலையாள வழக்கில் எங்களுக்கெல்லாம் சேட்டன், அதாவது அண்ணன். நான் கணக்கெழுதும் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் முதலாளி போன் செய்வார். "லோடு வந்திருக்கு, சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போ" என்பார். எட்டிப் பார்த்தவன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். ஓவர்டைமும் கிடையாது, போன லீவும் திரும்பி வராது. அதனால் லீவு எடுத்தவர்கள் போனை அணைத்துவிட்டு, படகேறி வைப்பின் தீவுக்குப் போய் ஒளிந்துகொள்வார்கள்.

லீவு சேட்டன் ஒளியமாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, கிடங்குக்கு நேர் எதிரே சாயாக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். நாங்கள் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்ப்பார். வீட்டில் இருந்தால் மனைவி ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவாராம். அது லீவில் சேராதாம்.

"எடோ, சும்மாதானே இருக்கே? இந்த மூட்டைக்கு ஒரு கை குடு" என்பார் முதலாளி.

"சும்மா இல்ல முதலாளி. லீவுல இருக்கேன்."

முதலாளிக்கு ரத்தம் கொதிக்கும். சிரிப்பை அடக்குவதிலேயே எங்களுக்கு அன்றைய வேலை கெடும்.

போன வருஷம், எங்களிடம் சுக்குப் பொறுக்கும் செல்வியின் அம்மாவுக்கு ஊரில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. வருஷம் முழுக்க லீவே எடுக்காதவள் செல்வி. இரண்டு நாள் கேட்டாள். "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் முதலாளி. ஆபரேஷன் சீசன் பார்த்தா வரும்? கண்ணைத் துடைத்துக்கொண்டே பொறுக்கினாள்.

மறுநாள் சேட்டனுக்கு லீவு. முற்றம் நிறையச் சுக்கு காய்ந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் பறக்கிறது, நாங்கள் ஒரு பக்கம் ஓடுகிறோம். சேட்டன் பெஞ்சைவிட்டு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

"வாடோ! ஓவர்டைம் தரேன், இரட்டைச் சம்பளம்!" என்று கத்தினார் முதலாளி.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். செல்விய இன்னிக்கே ஊருக்கு விடுங்க. சம்பளத்துல பிடிக்கக் கூடாது."

"அப்படிச் சட்டம் இருக்கா?"

"இருக்கு முதலாளி. அது பத்தலேன்னா மழையும் இருக்கு."

முதலாளி வானத்தைப் பார்த்தார். "அவ போகட்டும். நீ வா!" கிடங்குக்குள் பொறுக்கிக்கொண்டிருந்த செல்விக்கு மழை இரைச்சலில் இந்தப் பேரம் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளைச் சட்டையோடு சேட்டன் முற்றத்தில் இறங்கினார். அவர் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. சுக்கு பிழைத்தது, சட்டை பிழைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து செல்வி எனக்குப் போன் செய்தாள். "அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க சாரே. முழிச்சதும் கேட்ட மொதக் கேள்வியே, 'உனக்கு எவன்டி லீவு குடுத்தான்'னுதான்!"

சேட்டனிடம் சொன்னேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னால கெடச்சுதுன்னு செல்விகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதீங்க சாரே. முதலாளிதான் குடுத்தார்னு சொல்லுங்க. அவர் காதுலயும் விழட்டும். அடுத்த தடவையும் குடுக்கணும்லா?"

இந்த மனுஷரை எப்படிப் பிடிக்காமல் போகும், சொல்லுங்கள்.