ஆமையார் வந்துகொண்டிருக்கிறார்

ஒரு காட்டில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அதனால் முதலில் டிவி வந்தது, டிவியோடு சீரியல் வந்தது, சீரியல் பார்த்து அலுத்துப்போன மிருகங்களுக்காக ‘வாலோடு வால்’ என்ற நிகழ்ச்சி வந்தது. தொழில் செய்கிறவர்கள் மேடையில் நின்று தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். எதிரே பாறைமேல் பணக்காரர்கள் நால்வர் உட்கார்ந்திருப்பார்கள்: சிறுத்தை, கழுகு, முதலை, ஆமை. தொழில் பிடித்துப்போனால் பணம் போட்டுப் பங்குதாரர் ஆவார்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கு அடையாளமாக இருவரும் வாலோடு வால் பின்னிக் காட்ட வேண்டும். கிளிதான் தொகுப்பாளர். அடுத்தவர் சொன்னதையே சிரித்துக்கொண்டு திருப்பிச் சொல்கிற வேலைக்கு வேறு யாரைப் போடுவார்கள்?

உண்ணிக்கொக்கு வெள்ளையம்மாள் அந்த மேடை ஏறியது நிகழ்ச்சியின் முதல் வருஷத்தில். குளத்தங்கரைப் புங்கமரத்தடியில் அவள் உண்ணி பொறுக்கும் கடை வைத்திருந்தாள். எருமைகள் வந்து நிற்கும். அவள் முதுகில் ஏறி ஒவ்வொரு உண்ணியாகக் கொத்தி எடுப்பாள். அதற்குக் கட்டணமும் வாங்குவாள், எடுத்த உண்ணியையும் சாப்பிடுவாள். சாப்பிடுவதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் அந்தக் காட்டில் அது ஒன்றுதான்.

அவளிடம் ஒரு தொழில் ரகசியம் இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் காதுமடலுக்குப் பின்னால் இரண்டு உண்ணிகளை மட்டும் விட்டுவைப்பாள். அவை பெருகும், எருமை சொறிந்துகொண்டே திரும்பி வரும். இதை ஏமாற்று வேலை என்று அவள் நினைக்கவில்லை. விவசாயி விதைநெல் எடுத்துவைப்பதில்லையா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். பதிலும் அவளே சொல்லிக்கொள்வதால் வாக்குவாதம் வந்ததே இல்லை.

வாடிக்கையாளர்கள் வெயிலில் நிற்கிறார்கள், ஒரு கொட்டகை போட வேண்டும் என்று மேடையில் சொன்னாள். உண்ணி தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று சிறுத்தை கேட்டது. “அது தீராதுங்க” என்றாள். சிறுத்தை வேண்டாம் என்றது. கழுகு வேண்டாம் என்றது. முதலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் அது தொழிலைப் பற்றிய யோசனை இல்லை. கடைசியில் ஆமையார் “சரி” என்றார். அந்தச் ‘சரி’ முந்தின வாரம் வந்துபோன மரங்கொத்திக்குச் சொல்ல ஆரம்பித்தது என்று ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, வாயைவிட்டு வெளியே வந்தபோது எதிரில் நின்றது வெள்ளையம்மாள். இரண்டு பேருக்கும் பின்னிக் காட்டும் அளவுக்கு வால் இல்லாததால் முதுகோடு முதுகு உரசிக் காட்டினார்கள். காடே கைதட்டியது.

மற்ற வெற்றியாளர்களுக்குப் பங்குதாரர்கள் உடனே வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் வினை. சிறுத்தை அன்று சாயங்காலமே மயிலின் நடனப் பள்ளிக்குப் பணத்தைக் கொண்டுவந்து கொட்டியது, மறுநாள் காலையில் யோசனையையும் கொண்டுவந்தது. மழைக்கு மட்டும் ஆடினால் எப்படி, வருஷம் முழுக்க ஆடினால்தானே வருமானம்? மயில் கோடையிலும் ஆடியது, தோகை முழுக்க உதிர்ந்தது, இப்போது அதைப் பார்க்கிறவர்கள் கோழி என்று நினைத்து விலை கேட்கிறார்கள். கழுகு தேனீக்களுக்குப் பணம் போட்டது. உயரத்திலிருந்து பார்த்துவிட்டு, “அந்த அம்மா மட்டும் ஏன் வேலை செய்யாம உள்ளயே உட்கார்ந்திருக்காங்க?” என்று கேட்டு ராணியை வேலையைவிட்டு நீக்கச் சொன்னது. கூடு கலைந்தது. முயலின் கிழங்குக் கடையில் முதலை பங்கு எடுத்தது. அந்தக் கடை கொஞ்ச நாள் இருந்தது, முயலைத்தான் முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆமையாரோ மலைக்கு அந்தப் பக்கமிருந்த தன் இடத்துக்குப் போய்ப் பணப்பையை எடுத்துக்கொண்டு, கடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நடந்தார். நடந்துகொண்டே இருந்தார்.

முதலில் வெள்ளையம்மாளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. போகப்போக, வராத பங்குதாரரைப்போல வசதி வேறில்லை என்று கண்டுகொண்டாள். அக்கா மகன் வேலை கேட்டு வந்தான். பங்குதாரர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நரி வந்து அக்கரையிலும் ஒரு கிளை திறக்கலாமே என்றது. ஆமையார் வரட்டுமே என்றாள். கட்டணத்தைக் குறைக்கச் சொன்ன எருமைகளுக்கும் அதே பதில். அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கடையில் ஒரு துரும்பைக்கூட அவள் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கொட்டகை இல்லாத குறையைப் புங்கமரமே தீர்த்து வைத்தது. கடை ஓடியது.

நிகழ்ச்சிக்குப் பத்தாம் ஆண்டு வந்தது. எங்களிடம் வென்று இன்றும் நிலைத்து நிற்கும் தொழில்கள் என்று சிறப்பு நேரலை போடுவதாக டிவிக்காரர்கள் விளம்பரம் செய்துவிட்டார்கள். அப்புறம்தான் தேடிப் பார்த்தார்கள். நிலைத்து நின்றது வெள்ளையம்மாள் கடை மட்டும்தான். ‘தொழில்கள்’ என்பதைத் ‘தொழில்’ என்று மாற்றிக்கொண்டு கேமராவோடு புங்கமரத்தடிக்கு வந்து இறங்கினார்கள். எருமைகள் குளித்துவிட்டு வந்து வரிசையாக நின்றன. வெள்ளையம்மாளுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

அப்போது கிளி அவள் காதருகே வந்து, “மேடம், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்” என்றது. மலையடிவாரத்தில் பணப்பையோடு நடந்துகொண்டிருந்த ஆமையாரை டிவிக்காரர்களின் யானை தன் முதுகில் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றது. மிச்சமிருந்த தூரத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது, பாவிப்பய யானை.

ஆமையார் இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. “மன்னிக்கணும் அம்மா, கொஞ்சம் தாமதமாயிடுச்சு” என்றார். “ஆனா வழியெல்லாம் நம்ம கடையப் பத்தித்தான் யோசிச்சேன்.”

யோசனை என்றதும் வெள்ளையம்மாளுக்குத் தோகை உதிர்ந்த மயில் ஞாபகத்துக்கு வந்தது.

ஆமையார் கேமராவைப் பார்த்துப் பேசினார். வாரா வாரம் எருமைகள் சொறிந்துகொண்டு வருவது அவருக்கு மனவேதனையாக இருந்ததாம். அதனால் இந்தப் பணத்தில் கொக்குகளை வேலைக்கு எடுத்து, ஒரே மாதத்தில் காதுமடல், வாலடி, குளம்பிடுக்கு எதையும் விடாமல் பொறுக்கித் தீர்த்துவிடுவதாம். “உண்ணியே இல்லாத காடு. அதான் என் கனவு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எருமைகள் குளம்பு தட்டி ஆரவாரம் செய்தன. மாசாணம் என்ற கிழட்டு எருமை அழுதேவிட்டது. “வெள்ளையக்கா, உன் கையால எங்களுக்கு விடிவுகாலம் வந்துட்டு” என்றது.

எல்லாருக்கும் விடிகிறது, நமக்கு உலை எதில் கொதிக்கும் என்று வெள்ளையம்மாள் நினைத்தாள். ஒரு மாதம் மூக்குமுட்டச் சாப்பாடு, அதன்பிறகு ஆயுசுக்கும் பட்டினி. ஆமையார் கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடலாம். பாவம், நல்லவர். கெட்டவர்கள் பங்கைத்தான் கேட்பார்கள், நல்லவர்கள் தொழிலையே திருத்திவிடுவார்கள். வேண்டாம் என்று நேரலையில் சொன்னால் எருமைகளே அவளை மிதித்துவிடும். கிளி பணப்பையை அவள் பக்கம் நகர்த்தியது. கேமரா கிட்டே வந்தது.

அவள் பையைத் தொடவில்லை. ஆமையாரைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: “ஐயா, முகவரிச் சான்று கொண்டாந்திருக்கீங்களா?”

ஆமையார் விழித்தார். பணம் கொடுப்பவர் முகவரிச் சான்று காட்ட வேண்டும் என்பது காட்டில் எல்லாருக்கும் பொதுவான விதி. கூட்டத்தில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்த கிராம நிர்வாக அதிகாரி தேவாங்கு முகவரிச் சான்று என்ற சொல் காதில் விழுந்ததும் கண்ணை முழுசாகத் திறந்தார். ஆமாம், வேண்டும் என்றார். ஒப்பந்தத்தில் மலைக்கு அந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறதே, வீடு அங்கே இருக்கிறதா என்று கேட்டார்.

“வீடு இங்க இருக்கு” என்று ஆமையார் தன் முதுகைக் காட்டினார்.

“அப்ப அங்க இல்ல” என்றார் தேவாங்கு. “சொன்ன முகவரியில வீடு இருக்கணும். நான் வந்து நேர்ல பாக்கணும். அப்பதான் சான்று.”

ஆமையார் கொஞ்சமும் தளரவில்லை. திரும்பிப் போய் வீட்டை அங்கே வைத்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொன்னார். யானை உடனே துதிக்கையை நீட்டியது. வெள்ளையம்மாளுக்கு மூச்சே நின்றுவிட்டது. நல்லவேளையாக அலகு நிற்கவில்லை.

“ஆனை மேல வேண்டாங்கய்யா” என்றாள். “வீட்டத் தூக்கி வண்டியில வச்சா அது வீடு மாத்துறதாயிடும். அதுக்குத் தனியா மனுப் போடணும்.”

தேவாங்கு அவளை மெச்சிப் பார்த்தார். தன் வேலை வாழ்நாளில் முதல்முறையாக ஒருவருக்குப் புரிந்திருக்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு. யானை துதிக்கையை மடக்கிக்கொண்டது.

“நடந்தே போறேன் அம்மா” என்றார் ஆமையார். “நீங்க கடையில ஒண்ணும் மாத்திராதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்.”

“நீங்க வராம ஒண்ணும் செய்ய மாட்டேன் ஐயா. பாத்துப் போங்க” என்றாள் வெள்ளையம்மாள். அந்தக் காட்டில் ஒரு பங்குதாரரிடம் அதைவிட உண்மையாக யாரும் பேசியதில்லை. நீண்டநாள் நிலைத்த தொழிலுக்கான கேடயத்தைக் கிளி அவளிடம் கொடுத்தது. முதலீட்டாளர்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை, அதுதான் இவர் வெற்றியின் ரகசியம் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னது. ஆமையார் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலையைப் பார்த்துத் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்து, செய்திகளும் முடிந்து, வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

நீதி, கேட்பவர்களுக்கு மட்டும்: முதலீடு வழியில் இருக்கும்வரை தொழிலுக்கு ஆயுள் கெட்டி. வாசலுக்கே வந்துவிட்டால் முகவரிச் சான்று கேளுங்கள்.