சேர் வந்துவிட்டது, ஆள் எங்கே?

பதற்றம் வந்தால் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது. தொழில்தான் வேலை செய்யும். தீப்பிடித்த கடையிலிருந்து தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வருவார், டீ மாஸ்டர் வடிகட்டியோடு ஓடி வருவார். நான் கோச்சடையில் பந்தல், சேர், மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். நான் எதோடு ஓடினேன் என்பதை எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைகூடச் சொல்லும்.

என் கடைக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் வைகை. கரையை ஒட்டிப் பள்ளத்தில் ஒரு தெரு. பூக் கட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். ஆற்றில் பெரும்பாலும் ஆடுதான் மேயும். ஆனால் இப்போதெல்லாம் மழைக்கு ஒழுங்கே கிடையாது. மாதக்கணக்கில் கடுக்காய் கொடுத்துவிட்டு, ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறது. அணை நிரம்பித் திறந்தால் அந்தத் தெருவுக்குத்தான் முதல் மரியாதை.

அதற்காக ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து தெருக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வெள்ளம் வந்தால் எல்லோரும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். மைக்செட் என்னுடையது என்பதால் அறிவிப்பு என் பொறுப்பு. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல், "ஒரு ஆளையும் தூக்குறேன்" என்றேன். (என் தொப்பையைப் பார்த்தாவது வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டாமா?)

அந்த ஆள், பெரியசாமி அண்ணன். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. என் கடையிலிருந்து கைவைத்த பிளாஸ்டிக் சேர் ஒன்றை அவர் வீட்டிலேயே போட்டு வைத்தேன். நானும் என் மச்சினன் செந்திலும் அவரை அதில் உட்காரவைத்துத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஒத்திகை அன்று அண்ணன் சேரில் ராஜா மாதிரி உட்கார்ந்து அதட்டினார். "நான் தூக்காத மூட்டையா தம்பி? இப்ப நானே மூட்டையாயிட்டேன். பாத்து எறக்குங்கப்பா, உள்ள வெங்காயம் இல்ல, மனுசன் இருக்கேன்."

ஒத்திகை பிரமாதம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் மேற்கே மலையில் மழை கொட்டியது. மதுரையிலோ சுள்ளென்று வெயில். காலையில், அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் நெருங்கிவிட்டது என்று தகவல் வந்தது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"ஆத்துல தண்ணி வருது! எல்லாரும் கெளம்புங்க!"

கிளம்பினார்கள். மொத்தத் தெருவும் கிளம்பியது. ஆற்றைப் பார்த்து!

மதுரைக்காரனுக்கு வைகையில் தண்ணீர் வருகிறது என்றால் திரும்பி ஓடவா தோன்றும்? பெரியசாமி அண்ணனின் மனைவி பாண்டியம்மாள், மாட்டுத்தாவணியில் உதிரிப்பூ வாங்கி வந்து கட்டி விற்கிறவர். கட்டிய பூவைக் கூடையோடு தூக்கிக்கொண்டு அவர்தான் முன்னால் போனார்.

"மதினி! பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்!"

"தெரியுது தம்பி. வாராத ஆத்தா வாரா. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம ஓடுனா நல்லாவா இருக்கும்? ஒரு நிமிசம் இருங்க!"

விரட்டத்தான் நானும் பின்னால் ஓடினேன். ஓடியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

முதலில் ஒரு நுரைக்கோடு. மணலை மோந்து மோந்து வரும் நாய்க்குட்டி மாதிரி அது சின்னச் சின்னப் பள்ளங்களில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சத்தம். காதில் கேட்கும் முன்பே காலில் கேட்டது. பிறகு அகலம் முழுக்கச் செம்மண் நிறத்தில் ஒன்று, ஆகாயத்தாமரையையும் முறிந்த கிளைகளையும் தலையில் சுமந்துகொண்டு, யாரையும் கேட்காமல் வந்தது. தலைக்கு மேலே பளீரென்று நீலவானம். இத்தனை வருஷமாகப் பாலத்தின் மேலிருந்து நான் பார்த்ததெல்லாம் ஆறே இல்லை, ஆற்றின் காலி வீடு என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்காரி இப்போதுதான் திரும்பி வருகிறாள்.

குலவைச் சத்தம் எழுந்தது. பூ விழுந்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது.

அடுத்தாற்போல் என் கட்டைவிரலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். தெருச் சாக்கடை வழியாக ஆறு பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த தொண்டர் செத்தார். வாடகைக் கடைக்காரன் விழித்துக்கொண்டான். எங்கள் தொழிலில் ஒரே வேதம்தான்: தண்ணீர் வந்தால் முதலில் சேரை எடு. பெரியசாமி அண்ணன் வீட்டுக்குள் பாய்ந்தேன். கட்டிலில் கிடந்தவர், தூக்குவதற்குத் தோதாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன்!" என்றேன். சேரைத் தூக்கித் தலையில் கவிழ்த்தேன். ஓடினேன்.

"தம்பி... தம்பியோவ்..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது. (உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.)

பள்ளிக்கூட வாசலில், வந்து சேர்கிறவர்களைச் சரிபார்த்துக்கொண்டு என் மனைவி நின்றாள். என்னைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள்.

"சேர் வந்துருச்சு. ஆளு எங்க?"

சேரை இறக்கி வைத்துப் பார்த்தேன். மடத்தனம்தான், அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். ஆள் இல்லை. இரண்டு கைகளை நீட்டிய ஒரு மனிதரைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த நிமிஷத்தைப் பற்றி இன்றுவரை என்னால் ஜோக் அடிக்க முடியவில்லை.

திரும்பிச் சரிவில் ஓடினேன். பாதியில் மறுபடியும் குலவை கேட்டது.

முழங்கால் அளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. ஒரு மூலையில் செந்தில்; மற்ற மூன்று மூலைகளிலும் பூக் கட்டும் பெண்கள். கைமாற்றிவிடுவதற்கு இருபுறமும் இன்னும் நாலைந்து பேர். நடை நிற்காமலே தோள் மாறியது. கட்டில் துளி குலுங்கவில்லை. மேலே பெரியசாமி அண்ணன். மிஞ்சிய பூவை வைக்க இடமில்லாமல் பாண்டியம்மாள் அவர் கழுத்திலேயே போட்டிருந்தார். பின்னால் ஆறு அவர்கள் தெருவை விழுங்கிக்கொண்டிருந்தது. அவர்களோ அடிக்கு அடி குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதை வருஷாவருஷம் கும்பிடுகிறவன் நான். ஆற்றிலிருந்து ஏறி வருகிற ஒருவரை அன்றுதான் கும்பிட்டேன். கை தானாகத் தலைக்கு மேலே போனது.

அண்ணன் கட்டிலிலிருந்து குனிந்தார். "என்ன தம்பி, சேருக்கு ஒண்ணும் சேதாரம் இல்லையே?"

கட்டில் குலுங்கியது அப்போதுதான். தூக்கியவர்கள் அம்புட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

மதியத்துக்குள் அவர் வீட்டு ஜன்னல் வரை தண்ணீர். பள்ளிக்கூடத்தில் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், ஆடுகள் இருந்தன, எவர் வீட்டுச் சேவலோ கரும்பலகை மேல் இருந்தது. அண்ணன் என் சேரில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார்.

பிறகு ஏற்பாட்டை மாற்றினார்கள். இப்போது முதலில் எல்லோரும் மேடேறிவிட வேண்டும். பூவும் குலவையும் பள்ளிக்கூடத்து மதிலருகே நின்றுதான். ஆற்றுக்கு அங்கிருந்தே வரவேற்பு. ஆள் தூக்கும் வேலையிலிருந்து எனக்கு ஒருமனதாக விடுதலை; சேர் மட்டும் அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போனது. வீட்டில் நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் மனைவி சொல்லுவாள்: "பைய மட்டும் கொண்டு வந்துறாதீக, காயும் வேணும்."

போன ஐப்பசியில் மறுபடி தகவல் வந்தது. மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரியசாமி அண்ணன்.

"தம்பி, நான் கட்டில்ல ஏறிட்டேன். நீங்க வந்து சேர எடுத்துட்டுப் போங்க."

போனேன். முன்னால் கட்டிலும் குலவையும், பின்னால் தலையில் சேரோடு நானும் மேடேறினோம். சாமி ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவனுக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா?