கோர்ட்டுப் பலகையில் தொங்கிய என் பெயர்

நல்லூர்,
12.11.2006

மதிப்புக்குரிய மகுடேஸ்வரன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் இந்துமதி வணங்கி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். கணியூரில் தோட்டமும் மாடுகளும் அத்தையும் நலம்தானே?

கோர்ட்டில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு துண்டுத் துணி. கேஸ் கட்டு ஒன்றைப் பனியன் கழிவால் கட்டியிருந்தார்கள். எங்கள் பனியன் கம்பெனியில் போன மாதம் ஓடிய அதே கருநீலம். தெரிந்த முகத்தைப் பார்த்த தைரியத்தில் ஜன்னலுக்குப் போய், உங்கள் அப்பா, என் அப்புச்சி எழுதிய உயிலின் நகல் வேண்டும் என்றேன். சொன்னதாக நினைத்தேன், குரல் வரவில்லை. "ஏங்கண்ணு, பேசறதுக்கும் பெர்மிசன் வாங்கோணுமா?" என்றார் குமாஸ்தா பொங்கியண்ணன். யார் பெயரில் கேஸ் என்றதும் அப்புச்சி பெயரைத்தான் சொன்னேன், "லிங்கசாமிங்க" என்று. "போனவரு எப்படிக் கண்ணு கேஸ் போடுவாரு? போட்டவரு பேரச் சொல்லு." உங்கள் பெயரைச் சொன்னேன். நான் வழக்கில் சேராத மூன்றாம் ஆளாம், எதற்கு நகல் என்று காரணம் எழுத வேண்டுமாம். 'மாமா வாங்கச் சொன்னார்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, "குடியிருக்கற ஊட்டு விசயம்னு எழுது" என்றார்.

பலகையில் பட்டியல் ஒட்டுவார்களாம், பெயர் வந்த மூன்று நாளுக்குள் நகல் எடுக்க முத்திரைத்தாள் கொடுக்க வேண்டுமாம். யாரிடமும் பேசாமல் பலகையைப் பார்த்தால் போதும் என்பது எனக்காகவே போட்ட சட்டம் போலிருந்தது. தினமும் பெர்மிஷன் போட்டதில் சூப்பர்வைசர் ஜானகியம்மாளுக்குச் சந்தேகம். "ஊமையாட்டம் இருந்துக்கிட்டு யாரப் பாக்கப் போறடி?" பயத்தில் "லிங்கசாமியைங்க்கா" என்றேன். சாயங்காலத்துக்குள் செக்கிங் டேபிள் முழுக்க மாப்பிள்ளை பெயர் லிங்கசாமி. அப்புச்சி மன்னிக்கட்டும்.

ஆறாம் நாள் மனு தள்ளுபடி. "இந்துமதின்னு நாலு நாளாத் தொங்குச்சே, பாக்குலயா?" என்றார் பொங்கியண்ணன். நான் அப்புச்சி பெயரையே தேடிக்கொண்டிருந்தேன். என் பெயரை ஒருவர் பலகையில் போடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும் மாமா? எட்டாவது ரிசல்ட்டில்கூடப் போடவில்லையே.

இரண்டாம் மனுவில் நகல் கிடைத்தது. புரொபேட் ஆகிவிட்டதே, இனி வீடு மாமாவுக்குத்தானே என்று அவரிடம் கேட்டேன். "புரொபேட்டுன்னா உயிலு நெசந்தான்னு கோர்ட்டு சொல்றது கண்ணு. யாருக்கு எதுன்னு உயிலத்தான் பாக்கோணும்" என்றார். எங்கள் ஊரில் பனியனுக்குப் பாஸ் சீல் குத்துவது போலத்தான். தையல் சரி என்பார்கள், யார் போட்டுக்கொள்வது என்று சொல்லமாட்டார்கள்.

நாங்கள் இருக்கும் வீட்டை உங்களிடம் வாங்குபவர் கேட்ட நகலை, நீங்கள் சொன்னபடியே படிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். தைக்குள் காலி செய்யச் சொன்னீர்கள். அம்மா இப்போதே பாத்திரங்களைக் கம்பெனி அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கட்டிவிட்டாள். இரண்டு நாளாக ஓட்டல் இட்லிதான்.

அத்தைக்கு என் வணக்கம். மாடுகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கீழ்ப்படியும் மருமகள்,
இந்துமதி

பி.கு.: கவரை ஒட்டுமுன் நகலின் பக்கங்களை எண்ணினேன், எண்ணாமல் பேக் செய்தால் எங்கள் டேபிளில் திட்டு விழும். மூன்றாம் பக்கம் தானாகக் கண்ணில் பட்டது. தோட்டம் மகன் மகுடேஸ்வரனுக்கு. நல்லூர் வீடு மகள் குழந்தையம்மாளுக்கு, என் அம்மாவுக்கு. இதையெல்லாம் நிறைவேற்றித் தரும் பொறுப்பும் மகனுக்கே. தீர்ப்பன்று 'எனக்கே குடுத்துட்டாங்க' என்று ஊருக்கே ஜிலேபி கொடுத்தீர்களே மாமா, அது இந்தப் பொறுப்பைத்தான். நகலை அனுப்பவில்லை. அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிறகு ஒரு பெட்டியைப் பிரித்து, இட்லிப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தேன்.